ராய்கட்டிலிருந்து செஞ்சிக்கு

மும்பைத் தமிழர்களின் விடுமுறைப் பட்டியலில் மஹாபலேஷ்வர் உண்டு, லோணாவளா உண்டு, ஷீரடி கட்டாயம் உண்டு. ஊரிலிருந்து விருந்தாளி வந்துவிட்டால் படகேறி எலிஃபெண்டா குகைக்கும் போய் வருவோம். ராய்கட் மட்டும் ஏனோ அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அது மராட்டியர்களின் கோட்டை, சிவாஜி மகாராஜாவின் கோட்டை, அங்கே நமக்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான் காரணமாக இருக்க வேண்டும். நமக்கு அங்கே நிறையவே இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் ராஜகிரி மலை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். 1972-ல் வேலை தேடிப் பம்பாய்க்கு வந்து மாட்டுங்காவில் பெரியப்பா வீட்டில் தங்கினேன். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1960-களின் பிற்பகுதியில், தென்னிந்தியர்களுக்கு எதிரான கிளர்ச்சி நடந்து, நம்மவர்களின் ஹோட்டல்கள் சில கல்லெறி பட்டிருந்தன. அந்தப் பயம் பெரியப்பாவுக்குக் கடைசி வரை போகவில்லை. சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தின் மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே, "உள்ள வாடா, கதவச் சாத்து" என்பார். பெரியம்மா அப்படியில்லை. எதிர்வீட்டு மராட்டிய அம்மாளுடன் அவருக்கு நெருங்கிய சிநேகம். அங்கிருந்து பூரண்போளி வரும், இங்கிருந்து இட்லி போகும், அன்றைக்குக்கூட. எப்படியோ, சிவாஜி என்ற பெயர் எங்கள் வீட்டில் கதவு சாத்தும் ஓசையோடுதான் எனக்கு அறிமுகமாயிற்று.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது எங்கள் செஞ்சி! "தாத்தா, உங்க ஊர்க் கோட்டையும் லிஸ்ட்ல இருக்கு" என்று பேரன்தான் முதலில் சொன்னான். எப்படி இருக்கிறது என்று அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல, டிசம்பரில் குடும்பத்தோடு ராய்கட்டுக்குக் கிளம்பினோம்.

மும்பையிலிருந்து கோவா நெடுஞ்சாலையில் பென், மாண்காவ் வழியாக மஹாட் என்ற ஊருக்குப் போக வேண்டும். 1927-ல் டாக்டர் அம்பேத்கர் தம் மக்களுடன் சென்று பொதுக்குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தாரே, அந்தச் சவுதார் குளம் இங்கேதான் இருக்கிறது. காரை நிறுத்தி அதையும் பார்த்துக்கொண்டோம். மஹாடிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் மலைப்பாதையில் போனால் பாசாட் கிராமம். அங்கேயே இறங்கி ஜீஜாபாயின் சமாதியைக் கும்பிட்டுவிட்டு மேலே போவது நல்லது. சிவாஜியின் தாயார் மலைமேல் இருக்காமல் இங்கே அடிவாரத்து மாளிகையில்தான் வசித்தார். மாளிகையின் சுற்றுச்சுவரும் கிணறும் மிச்சமிருக்கின்றன. 1674 ஜூன் 6-ம் தேதி மகனுக்கு முடிசூட்டு விழா. அதைக் கண்ணாரக் கண்ட அந்த அம்மையார் ஜூன் 17-ம் தேதி கண்ணை மூடினார். பதினோரே நாள்.

ராய்கட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,700 அடி உயரம். முன்பு ராய்ரி என்று பெயர். ஜாவளிப் பகுதியை ஆண்ட சந்திரராவ் மோரேயிடமிருந்து 1656-ல் சிவாஜி இதைப் பிடித்தார். பக்கத்து மலைகளிலிருந்து தனியே பிரிந்து, நாற்புறமும் செங்குத்தாக நிற்கும் பாறை. உச்சியோ சமதளம். இதைவிடத் தலைநகருக்குத் தோதான மலை கிடைப்பது அரிது. இதற்கு முன் அவருடைய தலைநகர் ராஜ்கட். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது புணே பக்கம், இது கொங்கணம்.

ஏறுவதற்கு ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. 1996 முதல் ரோப்வேயும் உண்டு. எனக்கு எழுபத்து நான்கு வயது, என் மனைவிக்கு முழங்கால் வலி. ஆகவே இதில் விவாதத்துக்கு இடமில்லை. மகனும் பேரனும் படியில் ஏறினார்கள், நாங்களும் மருமகளும் கம்பியில் தொங்கிக்கொண்டு சில நிமிடங்களில் மேலே போய்ச் சேர்ந்தோம். கீழே பள்ளத்தாக்கைப் பார்த்த என் மனைவி மேலே போய்ச் சேரும்வரை கந்தர் சஷ்டி கவசத்தை நிறுத்தவில்லை.

ரோப்வே இறங்குமிடத்திலிருந்து சில படிகள் ஏறினால் மேணா தர்வாஜா. அதாவது பல்லக்கு வாசல். அதற்குள் ராணிகளின் மாளிகைகள் வரிசையாக ஆறு. மாளிகை என்று சொன்னேனே தவிர, இன்று இருப்பவை கல் அடித்தளங்கள் மட்டுமே. மேலே எல்லாம் மரத்தால் ஆன கட்டுமானம்; அது எப்படிப் போயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஒவ்வொரு மாளிகைக்கும் தனிக் கழிப்பிடமும், அதற்குக் கல்லில் வெட்டிய வடிகாலும் இருப்பதை எங்கள் வழிகாட்டி இளைஞன் காட்டினான். "முந்நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடியே மலை உச்சியில இது இருந்திருக்கு. நாம மாட்டுங்காவுல ஆறு குடித்தனத்துக்கு ஒண்ணுன்னு வரிசையில நின்னோம்" என்றாள் என் மனைவி. வரலாற்று நூல்களில் இந்த ஒப்பீடு கிடைக்காது!

அரண்மனையைத் தாண்டினால் ராஜசபை. நீளம் சுமார் 220 அடி, அகலம் 124 அடி. ஒரு கோடியில் சிம்மாசன மேடை. இப்போது அங்கே மண்டபமும் சிவாஜியின் சிலையும் வைத்திருக்கிறார்கள். எதிர்க் கோடியில் நகார்கானா என்ற உயர்ந்த வாசல். அந்த வாசலில் நின்று பேசினால் சிம்மாசனத்தில் கேட்கும் என்கிறார்கள். பேரனை அங்கே நிறுத்தி ஒரு காகிதத்தைக் கிழிக்கச் சொன்னான் வழிகாட்டி. மேடைப் பக்கம் நின்ற எனக்கு அந்தச் சரசரப்பு கேட்டது. என் காதுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிசூட்டு விழாவைக் காசியிலிருந்து வந்த காகா பட்டர் நடத்திவைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக ஹென்றி ஆக்ஸிண்டன் என்ற ஆங்கிலேயர் காணிக்கைகளுடன் வந்திருந்தார். அவர் எழுதிவைத்த குறிப்புதான் இன்றும் நேரில் கண்டவர் சாட்சியாக இருக்கிறது. இந்தச் செங்குத்துப் பாறைமேல் யானைகளை எப்படி ஏற்றினார்கள் என்று அவர் வியந்திருக்கிறார். குட்டியாக இருக்கும்போதே தூக்கி வந்து வளர்த்தார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். யானைகள் குளித்த ஹத்தி தலாவ் இருக்கிறது, ஆனால் அதில் பல காலம் தண்ணீர் நிற்காமலே இருந்தது. அரண்மனையை ஒட்டிய கங்கா சாகரத்தில்தான் எப்போதும் தண்ணீர். முடிசூட்டுக்குக் கொண்டுவந்த புண்ணிய தீர்த்தங்களை அதில் கலந்ததால் அந்தப் பெயராம். கரையில் இரண்டு அழகான கோபுரங்கள், மேல் அடுக்குகளை இழந்து நிற்கின்றன.

இனி கடைவீதி. நடுவில் அகலமான தெரு, இரண்டு பக்கமும் கடைகளின் கல் மேடைகள், ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவு. குதிரையில் இருந்தபடியே சாமான் வாங்க வசதியாக இப்படிக் கட்டினார்கள் என்பது இங்கே எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் வாசகம். நான் அந்த மேடை ஒன்றில் உட்கார்ந்து, பாசாட் பெண்மணி ஒருவர் விற்ற மோரைக் குடித்தேன். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தெருவில் வியாபாரம் நிற்கவில்லை.

மோர் என்றதும் ஹிரகணி கதை நினைவுக்கு வருகிறது. அடிவாரத்துக் கிராமத்தில் ஹிரகணி என்று ஒரு பால்காரி. மேலே வந்து பால் விற்றுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவாள். ஒரு பௌர்ணமியன்று நேரமாகிவிட்டது. அந்தி சாய்ந்தால் வாசல் மூடப்படும், மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். அவள் கெஞ்சினாள். காவலர்கள் விதியை மீற மாட்டோம் என்றார்கள். வீட்டில் கைக்குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருக்கும். படையே ஏற முடியாத மேற்குப் பாறையில், இருட்டில், முள்ளும் கல்லும் கிழிக்க அவள் இறங்கிப் போய்விட்டாள். விஷயமறிந்த சிவாஜி அவளை அழைத்துப் புடவை கொடுத்து மரியாதை செய்தார். அதோடு, ஒருத்தி இறங்க முடிந்த இடத்தில் எதிரி ஏறவும் முடியும் என்று அங்கே ஒரு கொத்தளம் கட்டி, அதற்கு அவள் பெயரையே வைத்தார். இது வாய்வழிக் கதை. கொத்தளம் உண்மையாக இருக்கிறது, பெயரும் ஹிரகணி புருஜ்தான். அதன் விளிம்பில் நின்று கீழே பார்த்தால் தலை சுற்றும். குழந்தை பெற்றவர்களுக்குக் கதையை நம்ப ஆதாரம் தேவைப்படாது.

கிழக்கே சற்று நடந்தால் ஜகதீஷ்வரர் கோயில். வெளியிலிருந்து பார்த்தால் மசூதி போன்ற அமைப்பு. உள்ளே சிவலிங்கம். சுவரில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு: ராய்கட்டின் கிணறுகள், குளங்கள், சோலைகள், மாளிகைகள் எல்லாவற்றையும் எடுத்த ஹிராஜி என்பவரின் பெயரும், சூரிய சந்திரர் உள்ளவரை இவை விளங்கட்டும் என்ற வாழ்த்தும் இருக்கின்றன. நம் கோயில் கல்வெட்டுகளில் "சந்திராதித்தவல்" என்று வருமே, அதே எண்ணம்தான். இந்த ஹிரோஜி இந்துல்கர்தான் கோட்டையைக் கட்டிய பொறியாளர். கோயில் படிக்கட்டில் இன்னொரு சின்னஞ்சிறு கல்வெட்டில், சேவைக்கு எப்போதும் தயாராக இருப்பவன் என்ற பொருளில் தம் பெயரை அவர் பொறித்திருக்கிறார். கோயிலுக்குப் போகிறவர் கால் பட வேண்டும் என்று படியில்!

கோயிலுக்கு எதிரே சிவாஜியின் சமாதி. 1680 ஏப்ரல் 3-ம் தேதி இந்த மலையில்தான் அவர் காலமானார். முடிசூடி ஆறு ஆண்டுகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் செஞ்சிக்காரனாகிய என்னை அங்கே அதிக நேரம் நிற்க வைத்தது. 1689 பிப்ரவரியில் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜி மொகலாயர்களிடம் பிடிபட்டார். மார்ச் 11-ம் தேதி ஔரங்கசீப் அவரைக் கொடூரமாகக் கொல்வித்தார். படை ராய்கட்டைச் சூழ்ந்துகொண்டிருந்தது. கோட்டைக்குள் சம்பாஜியின் மனைவி ஏசுபாய், ஏழு வயது நிரம்பாத மகன் ஷாஹு, சம்பாஜியின் தம்பி ராஜாராம். ராஜாராமுக்கு வயது 19. முறைப்படி பட்டம் தன் மகனுக்குத்தான் என்று ஏசுபாய் பிடிவாதம் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. அரச குடும்பம் முழுவதும் ஒரே கோட்டையில் சிக்கினால் எல்லாம் முடிந்துவிடும், ராஜாராம் வெளியேறி ராஜ்யத்தை நடத்தட்டும், நானும் குழந்தையும் இங்கேயே இருந்து கோட்டையைக் காக்கிறோம் என்று முடிவு செய்தார். கணவன் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் எடுத்த முடிவு இது.

ஏப்ரல் தொடக்கத்தில் ராஜாராம் ராய்கட்டைவிட்டு வெளியேறினார். பிரதாப்கட், பன்ஹாளா என்று கோட்டை கோட்டையாக மாறி, கடைசியில் லிங்காயத்து யாத்திரிகர் வேடத்தில் தெற்கே புறப்பட்டார். மொகலாயருக்கு அஞ்சாமல் கெளடி ராணி சென்னம்மா அவருக்கு வழி கொடுத்தார். பெங்களூர்ச் சத்திரத்தில் ஒருவருடைய காலை மற்றவர்கள் பணிவோடு கழுவிவிடுவதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்து, பிடிபடாமல் தப்பியது பெரும் பாடாயிற்று என்று மராட்டியக் கதைகள் சொல்லும். அங்கிருந்து வேலூர் வழியாக, நவம்பர் மாதம், எங்கள் செஞ்சி! சிவாஜி 1677-ல் தென்னாட்டுப் படையெடுப்பில் பிடித்து, மதில்களைப் பலப்படுத்தி வைத்திருந்த கோட்டை. பெற்ற பிள்ளைக்குப் புகலிடம் தேவைப்படும் என்று அப்போதே தெரிந்ததோ என்னவோ.

அதே 1689 நவம்பரில் இங்கே ராய்கட் விழுந்தது. ஏசுபாயும் ஷாஹுவும் சிறைப்பட்டார்கள். ஷாஹு 1707-ல் விடுதலையானார். ஏசுபாய் ஊர் திரும்பியது 1719-ல், அதாவது முப்பது வருஷம் கழித்து. ராணிவாசத்து மேடைகள் ஒன்றில் அவர் குடியிருந்திருப்பார். அங்கே அவருக்கென்று தனியாக ஒரு பலகை என் கண்ணில் படவில்லை.

ராய்கட்டைப் பிடித்த தளபதிக்கு ஔரங்கசீப் சுல்பிகர் கான் என்ற பட்டம் கொடுத்து, அவரையே செஞ்சிக்கும் அனுப்பினார். ராய்கட் எட்டு மாதத்தில் பணிந்தது. செஞ்சி ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் பணியவில்லை! மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வந்து தாக்கியதில், 1693-ல் முற்றுகையைக் கைவிட்டு சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. திரும்பவும் வந்தார். 1698-ல் கோட்டை விழுந்தபோது, ராஜாராம் ஏற்கெனவே தப்பி மகாராஷ்டிரம் போய்விட்டிருந்தார். அந்த எட்டு ஆண்டுகளும் மராட்டிய ராஜ்யத்தின் தலைநகர் நம் தமிழ்நாட்டில் இருந்தது. 1690-ல் கடலூருக்குப் பக்கத்துக் கோட்டையை ஆங்கிலேயர்கள் விலைக்கு வாங்கினார்களே, செயின்ட் டேவிட் கோட்டை, அதையும் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம்தான் வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை கோட்டைக்குச் சொந்தம் என்று பேச்சு. குண்டு கிராமம் என்ற பெயர் அதனால் வந்தது. பிறகு மொகலாயர் சார்பில் செஞ்சிக்கு வந்த புந்தேல ராஜபுத்திரர் சரூப் சிங்கின் மகன்தான் நம் தெருக்கூத்து மேடைகளில் இன்றும் குதிரையேறும் தேசிங்கு ராஜா.

மொகலாயர்கள் ராய்கட்டுக்கு இஸ்லாம்கட் என்றும் செஞ்சிக்கு நுஸ்ரத்கட் என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டுமே ஒட்டவில்லை.

இவற்றையெல்லாம் வழிகாட்டி இளைஞன் மராட்டியில் சொல்லிக்கொண்டு வந்தான். "ராஜாராம் மகாராஜா அங்கிருந்து ஜிஞ்ஜிக்குப் போனார், அது மெட்ராஸ் பக்கம்" என்றபோது, "தம்பி, என் ஊர் அதுதான்" என்றேன். அவன் நம்பவில்லை. "ஜிஞ்ஜியா? காகா, நீங்கள் ஜிஞ்ஜிக்காரரா?" என்று இரண்டு முறை கேட்டான். பிறகு கேள்வி கேட்கும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். மலை எத்தனை, தண்ணீர் உண்டா, படி எத்தனை, ராஜாராம் இருந்த மாளிகை நிற்கிறதா? மூன்று மலைகளையும், கல்யாண மகாலையும், களஞ்சியங்களையும், ராஜகிரி உச்சிக்குப் போகும் மரப்பாலத்தையும் சொன்னேன். எங்கள் கோட்டையில் கட்டடங்கள் இங்கிருப்பதைவிட நன்றாகவே நிற்கின்றன என்று சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும், அவன் முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. எப்படிப் போவது என்று கேட்டான். ரயிலில் சென்னை, அங்கிருந்து திருவண்ணாமலை பஸ், திண்டிவனம் தாண்டினால் செஞ்சி என்றேன். செல்போனில் குறித்துக்கொண்டான். காசு கொடுத்தபோது பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை.

கட்டடங்கள் ஏன் நிற்கவில்லை என்று சொல்ல வேண்டுமே. ராய்கட் 1733-ல் மீண்டும் மராட்டியர் வசம் வந்தது. 1818-ல் பேஷ்வா இரண்டாம் பாஜிராவோடு நடந்த போரில் ஆங்கிலேயர்கள் எதிர்க்குன்றில் பீரங்கியை ஏற்றிக் குண்டு மழை பொழிந்தார்கள். பேஷ்வாவின் மனைவி வாராணசிபாய் அப்போது கோட்டைக்குள் இருந்தார். தீப்பற்றி மர மாளிகைகள் எல்லாம் எரிந்து, மே மாதத்தில் கோட்டை பணிந்தது. பிறகு ஆள் நடமாட்டமே இல்லை. சிவாஜியின் சமாதி செடிகொடி மண்டிக் கிடந்தது. 1869-ல் மகாத்மா ஜோதிராவ் புலே சிவாஜியைப் பற்றிக் கதைப்பாடல் எழுதினார். 1883-ல் சமாதியின் அலங்கோலத்தைப் பார்த்து எழுதியவர் ஜேம்ஸ் டக்ளஸ் என்ற ஆங்கிலேயர். 1895-ல் திலகர் நிதி திரட்டத் தொடங்கி, 1896-ல் இங்கே முதல் விழா நடந்தது. இடையில் எழுபத்தெட்டு ஆண்டுகள்.

போக விரும்பும் அன்பர்களுக்கு இரண்டு வார்த்தை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழைக்காலத்தில் மலை பச்சைப் பசேல் என்றிருக்கும், ஆனால் மூடுபனியில் எதிரே நிற்பவர் தெரியமாட்டார்; படியும் வழுக்கும். ரயிலில் போகிறவர்கள் கொங்கண் ரயில்வேயில் மாண்காவ் அல்லது வீர் நிலையத்தில் இறங்கலாம். விடுமுறை நாட்களில் ரோப்வேக்கு நீண்ட வரிசை நிற்கும். காலையிலேயே போய்விட வேண்டும். மேலே நிழல் குறைவு, குடையும் தண்ணீரும் அவசியம். மதியச் சாப்பாட்டுக்கு உள்ளூர்ப் பெண்கள் சுடச்சுடப் பிட்லாவும் பாக்கிரியும் தருகிறார்கள். பிட்லா நம் கடலைமாவுச் சட்னிக்கு அக்கா முறை. தயிர்சாதம் கட்டிக்கொண்டு போன நாங்கள் அதைக் கட்டினபடியே திரும்பக் கொண்டுவந்தோம். ஜூன் 6-ம் தேதி முடிசூட்டு விழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் மலையேறுவார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம். என் பேரன் அந்த நாளில்தான் மறுபடி போவேன் என்கிறான்; மேளம் அடிப்பார்களாமே!